காற்றை அளந்த மனிதர் ஹாரி வெஸ்லேக்

கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் நம் திருவண்ணாமலைக்கு வந்து போன அம்பாசிடர் டாக்ஸிகளை நம் அப்பாக்கள் காலத்தவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2014-இல் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆனாலும் செங்கம் ரோட்டிலோ போளூர் ரோட்டிலோ ஒரு பழைய மெக்கானிக் கடையில், மூலையில் ஒரு அம்பாசிடர் சிலிண்டர் ஹெட் துருப்பிடித்துக் கிடந்தாலும் கிடக்கும். 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுடைய ஹெட்டாக இருந்தால், கடை அண்ணனிடம் கேட்டு அதைப் புரட்டிப் போட்டுப் பாருங்கள். எரிப்பு அறை வட்டமாக இருக்காது. வெற்றிலையைப் போல, ஒரு பக்கம் உள்வாங்கி, இரண்டு வால்வுகளுக்கும் நடுவே ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நான் முதலில் அதை வார்ப்படத்தில் வந்த கோளாறு என்றே நினைத்தேன். இல்லை நண்பர்களே! அது ஒரு மனிதர் காற்றை அளந்து அளந்து கண்டுபிடித்த வடிவம். அவர் பெயர் ஹாரி வெஸ்லேக்.

நம் பாடப் புத்தகங்களில் ஓட்டோ உண்டு, டீசல் உண்டு. வெஸ்லேக் இல்லை. ரேஸ் எஞ்சின் உலகத்தில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை என்றாலும், அவர் வடிவமைத்த ஹெட் பொருத்திய வண்டியில் ஆயிரக்கணக்கில் பயணம் செய்த நம் ஊர் மக்களுக்கு அவரைத் தெரியாது. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கட்டுரை.

வெஸ்லேக் 1897-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள எக்ஸிடர் நகரத்தில் பிறந்தார். நம் கோவை ஜி.டி. நாயுடு அவர்கள் பிறந்தது 1893. ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். நாயுடு ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கழற்றி மாட்டிப் படித்தவர் என்பதும், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர் என்பதும் நமக்குத் தெரிந்த கதை. அதே வருடங்களில் அங்கே எக்ஸிடரில் வெஸ்லேக் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருடைய அப்பா வேலை பார்த்தது வில்லி என்ற கம்பெனியில். அந்தக் கம்பெனி கேஸ் மீட்டர் செய்வது. நம் வீடுகளில் சிலிண்டர் கேஸ்தான், அதனால் கேஸ் மீட்டர் என்பது நமக்குப் பழக்கமில்லாத பொருள். அந்நாட்டில் நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவைக் குழாய் வழியாக வீடு வீடாக அனுப்புவார்கள். எவ்வளவு வாயு போனது என்று அளந்தால்தானே காசு வாங்க முடியும்? கண்ணுக்குத் தெரியாத ஒன்று குழாயில் ஓடும்போது அதை லிட்டர் கணக்கில் அளக்கலாம் என்பது வெஸ்லேக் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சாகவே இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையைப் பார்த்தால் இந்த ஊகம் பொருந்தத்தான் செய்கிறது.

முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் அவர் வெக்ஸ் என்ற பெயரில் சொந்தமாக ஒரு கார்புரேட்டரை உருவாக்கினார். கார்புரேட்டரில் ஆரம்பித்தவர் அங்கேயே நிற்கவில்லை. ஏன் என்பதை யோசித்தால் நமக்கும் புரியும். கார்புரேட்டரை எவ்வளவுதான் ஒழுங்குபடுத்தினாலும், அதற்குப் பின்னால் இருக்கும் போர்ட்டும் வால்வும் காற்றை மறித்துக்கொண்டால் என்ன லாபம்? வாசல் அகலமாக இருந்து நடை குறுகலாக இருந்தால் கல்யாணக் கூட்டம் வாசலிலேயே நெரியும் அல்லவா? அது மாதிரிதான்.

இங்கே கொஞ்சம் பாடம் பேசியாக வேண்டும். முதலாண்டுத் தம்பி தங்கைகள் பொறுத்துக்கொள்ளவும். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் பிஸ்டன் இடம் விடுகிறது, அவ்வளவுதான். உள்ளே தள்ளுவது வெளியே இருக்கும் காற்று மண்டலத்தின் அழுத்தம். அந்த அழுத்தத்தை நாம் கூட்ட முடியாது (டர்போ, சூப்பர்சார்ஜர் வேறு கதை). கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு இன்டேக் ஸ்ட்ரோக் முடிய நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகிறது. 6000 சுற்று என்றால் அதிலும் பாதி. அதற்குள் காற்று ஒரு வளைவில் திரும்பி, வால்வின் தலையைச் சுற்றி வழிந்து, சிலிண்டரை நிரப்ப வேண்டும். எவ்வளவு நிரம்புகிறதோ அவ்வளவுக்குத்தான் பெட்ரோல் எரியும், அவ்வளவுதான் பவர்.

சரி, எந்தப் போர்ட் நன்றாக விடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அக்காலத்தில் ஹெட்டைச் செய்து, எஞ்சினில் மாட்டி, ஓட்டிப் பார்ப்பார்கள். பவர் கூடினால் நல்லது. குறைந்தால் மறுபடி வேறு வார்ப்படம். கூடியதற்குப் போர்ட் காரணமா, கேம் காரணமா, இக்னிஷன் காரணமா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. வெஸ்லேக் பிடித்த வழி எளிமையானது. எஞ்சினை ஓட்டவே வேண்டாம். ஹெட்டைக் கழற்றி ஒரு மேஜைமேல் வை, வால்வை ஒரு குறிப்பிட்ட அளவு திற, குறிப்பிட்ட அழுத்தத்தில் அதன் வழியாகக் காற்றை விடு, எவ்வளவு போகிறது என்று அள. பிறகு போர்ட்டில் ஒரு இடத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி அள. கூடினால் அந்தத் தேய்ப்பு சரி, குறைந்தால் தப்பு. இன்று ஃப்ளோ பெஞ்ச் என்று சொல்லும் கருவி இதுதான். இதை எஞ்சின் வடிவமைப்பில் ஒரு தொழிலாகவே ஆக்கிக் காட்டியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் வெஸ்லேக்.

அளக்கத் தொடங்கினால் பழைய நம்பிக்கைகள் பல அடிபட்டுப் போகும். போர்ட்டைக் கண்ணாடி போலப் பாலீஷ் போட்டால் பவர் பிய்த்துக்கொண்டு வரும் என்று இன்றும் பல கடைகளில் நம்புகிறார்கள். பெஞ்சில் வைத்துப் பார்த்தால் பாலீஷ் தருவது சொற்பம். ஓட்டையைப் பெரிதாக்கினால் நிறையப் போகும் என்பதும் எப்போதும் உண்மையல்ல. வளைவின் உட்பக்கம் கூர்மையாக இருந்தால் காற்று சுவரை விட்டு விலகிச் சுழித்துக்கொள்ளும். அங்கே உலோகத்தை எடுப்பதைவிட, சில சமயம் உலோகத்தைச் சேர்த்து வளைவை மென்மையாக்கினால்தான் ஓட்டம் கூடும்! வால்வ் சீட்டில் 45 டிகிரிக்கு மேலும் கீழும் ஒரு வெட்டு கொடுப்பது, ஒரு மணி நேரம் பாலீஷ் போடுவதைவிட அதிகம் தரும். இதையெல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்ல எந்தப் பெரிய மேஸ்திரியாலும் முடியாது. மேனோமீட்டர் சொல்லிவிடும்.

1920-களின் கடைசியில் பென்ட்லி கம்பெனியின் எஞ்சின்களில் வேலை செய்யும் வாய்ப்பு வெஸ்லேக்குக்குக் கிடைத்தது. அன்று பென்ட்லி என்றால் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை 1927 முதல் 1930 வரை வரிசையாக நான்கு வருடம் வென்ற கம்பெனி. அப்படிப்பட்ட இடத்தில் வெளியாள் ஒருவர் போய், உங்கள் ஹெட் சரியாக மூச்சு விடவில்லை என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் அளவு. அபிப்பிராயத்தை அபிப்பிராயத்தால் மறுக்கலாம், அளந்த எண்ணை இன்னொரு அளவால்தானே மறுக்க வேண்டும்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது 1935. வில்லியம் லயன்ஸ் என்பவர் எஸ்.எஸ். கார்ஸ் என்ற கம்பெனியை நடத்தி வந்தார். பார்க்க அழகான கார், ஆனால் உள்ளே ஸ்டாண்டர்ட் கம்பெனியிலிருந்து வாங்கிப் போட்ட ஆறு சிலிண்டர் சைடு வால்வ் எஞ்சின். 2663 சி.சி. இருந்தும் சுமார் 70 குதிரைத்திறன்தான். தோற்றத்துக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று கேலி பேசினார்கள். லயன்ஸ் வெஸ்லேக்கைக் கூப்பிட்டார். பிளாக் அப்படியே இருக்கட்டும், மேலே ஓவர்ஹெட் வால்வ் ஹெட் ஒன்று போட்டு 95 குதிரைத்திறன் எடுக்க வேண்டும் என்பது இலக்கு. வெஸ்லேக் ஹெட்டை மாட்டிய எஞ்சின் 100-ஐத் தாண்டியது. அதே வருடம் அந்தக் காருக்கு ஒரு புதுப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஜாகுவார். போருக்குப் பிறகு கம்பெனியின் பெயரே அதுவாகிவிட்டது.

நண்பர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே பிளாக், அதே சி.சி. காற்று போகும் வழியையும் எரியும் அறையையும் மாற்றியதில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் பவர் கூடியிருக்கிறது. என்னைக் கேட்டால், ஐ.சி. எஞ்சின் பாடத்தில் வால்யூமெட்ரிக் எஃபிஷியன்ஸி என்ற தலைப்புக்குக் கீழே இந்த ஒரு உதாரணத்தை அச்சிட்டால் போதும்.

இரண்டாம் உலகப்போர் நடந்தபோது, இரவில் குண்டுவீச்சுக்குக் காவல் இருக்கும் முறையில் லயன்ஸும் அவருடைய எஞ்சினியர்கள் ஹெய்ன்ஸ், ஹாஸன், பெய்லி ஆகியோரும் தொழிற்சாலைக் கூரையின் கீழ் உட்கார்ந்து எதிர்கால எஞ்சினைப் பற்றிப் பேசியே பொழுதைக் கழித்தார்களாம். அந்தப் பேச்சில் பிறந்ததுதான் 1948-இல் வெளிவந்த எக்ஸ்.கே. எஞ்சின். 3442 சி.சி., இரட்டைக் கேம் ஷாஃப்ட், 160 குதிரைத்திறன். அதன் ஹெட்டில் போர்ட் வேலை வெஸ்லேக்குடையது. லெமானில் ஜாகுவார் 1951, 1953, 1955, 1956, 1957 என ஐந்து முறை வென்றது அந்த எஞ்சினை வைத்துத்தான். 1992 வரை அதன் உற்பத்தி நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

போருக்குப் பிறகு வெஸ்லேக் ஸசெக்ஸ் மாவட்டத்தில் ரை என்ற சின்ன ஊரில் தன் பட்டறையை அமைத்துக்கொண்டார். பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்தச் சின்ன ஊரைத் தேடி வந்தன. அவற்றில் ஒன்று ஆஸ்டின். அந்தக் கம்பெனியும் மோரிஸும் 1952-இல் சேர்ந்து பி.எம்.சி. ஆனது. பி.எம்.சி.யின் ஏ சீரிஸ், பி சீரிஸ் எஞ்சின்களின் ஹெட்டில் வந்ததுதான் நான் முதலில் சொன்ன வெற்றிலை வடிவம். நடுவே நீட்டும் மூக்கு, உள்ளே வரும் கலவையைத் திருப்பிவிட்டுக் கலக்குகிறது. காற்று நிறைய வந்தால் மட்டும் போதாது, வந்தது கலங்கிச் சுழன்றால்தான் தீ வேகமாகப் பரவும் என்பதை வெஸ்லேக் அறிந்திருந்தார். ஏ சீரிஸ் பிறகு உலகப் புகழ்பெற்ற மினி காருக்குப் போனது. பி சீரிஸ் 1489 சி.சி. எஞ்சின் 1959-இல் பழைய சைடு வால்வ் எஞ்சினுக்குப் பதிலாக நம் அம்பாசிடருக்கு வந்தது.

அம்பாசிடர் ஹெட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். நாலு சிலிண்டருக்கு இன்டேக் போர்ட் இரண்டே இரண்டுதான். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கொள்ளும். எக்ஸாஸ்ட் போர்ட் மூன்று. மொத்தம் ஐந்து. செலவைக் குறைக்க எடுத்த முடிவு, காற்றுக்கு அது அசௌகரியம்தான். அந்த அசௌகரியத்துக்குள்ளும் குடும்பத்தோடு எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றி வர முடிந்தது!

இனி நாம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். கடைசி வருட ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கி, பெயிண்ட் அடித்து, வைவாவில் வேர்த்து விறுவிறுத்து நிற்கும் பழக்கம் நம்மிடையே இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பதில் ஒரு ஃப்ளோ பெஞ்ச் கட்டலாம். நம் ஒர்க்‌ஷாப்பில் இருப்பதே போதும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் ஆரிஃபிஸ் மீட்டர் பரிசோதனை செய்தோமே, அதே தத்துவம்தான். தண்ணீருக்குப் பதில் காற்று.

பிளைவுட்டில் ஒரு பெட்டி. நடுவில் தடுப்பு வைத்து இரண்டு அறையாக்க வேண்டும். தடுப்பில் கூரான விளிம்புள்ள ஒரு வட்டத் துளைத் தகடு, அதாவது ஆரிஃபிஸ் பிளேட். முதல் அறையின் மேல்பலகையில் ஹெட் உட்கார ஒரு குழாய். அந்தக் குழாயின் உள்விட்டம் எஞ்சினின் போர் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். 97 சி.சி. ஹீரோ ஹோண்டா ஹெட் என்றால் 50 மில்லிமீட்டர். இரண்டாவது அறையிலிருந்து ஒரு வீட்டு வேக்குவம் கிளீனர் காற்றை இழுக்கும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூபில் இரண்டு யு வடிவ மேனோமீட்டர். ஒன்று ஹெட்டுக்குக் கீழே உள்ள அழுத்தத்தையும், இன்னொன்று துளைத் தகட்டின் இருபக்க வித்தியாசத்தையும் காட்டும். தண்ணீரில் இரண்டு சொட்டு இங்க் விட்டால் படிக்கச் சுலபம்.

வால்வைத் திறந்து பிடிக்க வேண்டுமே? கனமான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மெல்லிய ஸ்பிரிங் போடுங்கள். மேலே ஒரு பட்டையில் எம்6 போல்ட் ஒன்றைப் பொருத்தி அதன் முனையால் வால்வைத் தள்ளுங்கள். எம்6 போல்ட்டின் சாதாரணப் புரி 1 மில்லிமீட்டர் பிட்ச். ஒரு சுற்று திருகினால் 1 மில்லிமீட்டர் லிஃப்ட். டயல் கேஜ் வைத்துச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. போர்ட் வாயைச் சுற்றிக் களிமண்ணில் ஒரு உருண்டை விளிம்பு வைக்க மறக்காதீர்கள், வெறும் வாயாக விட்டால் கூர்முனையிலேயே காற்று தடுமாறி அளவு குறைவாகக் காட்டும்.

சோதிக்கும் அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில், உதாரணமாக 25 சென்டிமீட்டர் நீர்மட்டத்தில், நிறுத்த வேண்டும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் மெதுவாகும், அதனால்தான் இந்த ஏற்பாடு. இரண்டாவது அறையில் ஒரு பக்கத் துளை போட்டு நகரும் தகட்டால் மூடித் திறந்து இதைச் சரிசெய்யலாம். வேக்குவம் கிளீனர் தான் இழுக்கும் காற்றிலேயே குளிர்வது, அதை முழுக்க அடைத்துவிட்டு நீண்ட நேரம் ஓட்டினால் மோட்டார் கருகிவிடும், ஜாக்கிரதை.

ஒரு கணக்கு. துளை 25 மில்லிமீட்டர் விட்டம், தகட்டின் இருபக்க வித்தியாசம் 15 சென்டிமீட்டர் நீர்மட்டம் என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 1470 பாஸ்கல். நம் ஊர் வெயிலில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.15 கிலோ என்றால், துளையில் வேகம் நொடிக்கு 50 மீட்டர் வரும். பரப்பையும் 0.61 என்ற டிஸ்சார்ஜ் கோஎஃபிஷியன்ட்டையும் பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 15 லிட்டர், அதாவது 32 சி.எஃப்.எம். முதலில் ஹெட் இருக்கும் இடத்தில் ஒரு முழுத் தகட்டை வைத்து மூடி ஓட்டிப் பாருங்கள். துளையின் மேனோமீட்டர் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெட்டி ஒழுகுகிறது, எம்சீலை எடுங்கள்.

பிறகு 1 மில்லிமீட்டர் லிஃப்டிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிக் கிராஃப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும். கோடு முதலில் நேராக ஏறி, வால்வ் விட்டத்தில் கால் பங்கு லிஃப்ட் வரும் வாக்கில் படுத்துவிடும். வால்வைச் சுற்றியுள்ள இடைவெளியின் பரப்பு அங்கே வால்வ் வட்டத்தின் பரப்புக்குச் சமமாகிவிடுகிறது. அதற்குமேல் வால்வைத் தூக்கிப் பெரிய லாபமில்லை, போர்ட்தான் தடை. எங்கே ராவ வேண்டும் என்று அந்தக் கோடே காட்டிக் கொடுக்கும். எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு மட்டும் காற்றை எதிர்த்திசையில் ஊத வேண்டும்.

பெஞ்ச் கதை போதும், ரை ஊருக்குத் திரும்புவோம். பலர் ஓய்வெடுக்கும் வயதில் வெஸ்லேக் பந்தய உலகத்துக்குள் இன்னும் ஆழமாகப் போனார். 1958-இல் கிராண்ட் பிரீ பந்தயங்களில் முதன்முதலாகத் தயாரிப்பாளர்களுக்கான சாம்பியன் பட்டம் கொடுத்தபோது அதை வென்ற வான்வால் காரின் ஹெட்டில் அவர் கை இருந்தது. அடுத்து அமெரிக்க வீரர் டான் கர்னி அவரிடம் வந்தார். ஃபோர்டு வி8 எஞ்சினுக்குக் கர்னி வெஸ்லேக் ஹெட் உருவானது. 1968-லும் 1969-லும் லெமானில் வென்ற ஃபோர்டு ஜி.டி.40 காரில் இருந்தவை அந்த ஹெட்கள்தான். கர்னியின் ஈகிள் காருக்காக ரை பட்டறையில் 3 லிட்டர் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றையே செய்தார்கள். ஆப்ரி வுட்ஸ் என்பவர் வடிவமைத்தது. 1967 ஜூன் 18-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தில் அந்த எஞ்சினோடு கர்னி முதலாவதாக வந்தார். சின்ன ஊர்ப் பட்டறை ஒன்று ஃபெராரியை முந்திய நாள் அது. ஆனால் அந்த எஞ்சின் அடிக்கடி பழுதானது என்பதையும் சொல்ல வேண்டும். உலக சாம்பியன் பந்தயங்களில் அதற்குக் கிடைத்த வெற்றி அந்த ஒன்றுதான்.

எழுபதுகளில், தம் எழுபது வயதுக்கு மேல், பெரிய எஞ்சின்களை விட்டுவிட்டு 500 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு வந்தார். மண் தரையில், பிரேக்கே இல்லாமல், பின் சக்கரத்தைச் சறுக்கவிட்டு ஓட்டும் பந்தயம் அது. அதுவரை இரண்டு வால்வ் எஞ்சின்கள் ஆண்ட களத்தில் வெஸ்லேக்கின் நாலு வால்வ் எஞ்சின் நுழைந்தது. 1976-இல் பீட்டர் காலின்ஸ் என்ற ஆங்கிலேய வீரர் அதை ஓட்டி உலகப் பட்டம் வென்றார். வெஸ்லேக் 1978-இல், 81 வயதில் காலமானார். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில், வெற்றிலை வடிவ அறையோடு அம்பாசிடர் ஹெட்கள் அப்போதும் வார்ப்படமாகிக்கொண்டுதான் இருந்தன.